முதிய பூனையும் நீரிழிவு நோயும்

மனிதரைப் பற்றும் நோய்களுள் பல விலங்குகளையும் பற்றுகின்றன என்பது நேயர்கள் அறிந்ததே. ஆயினும், பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று ஒருவர் சொல்லக் கேட்டால் நம்மிற் பெரும்பாலோர் முதலில் நகைத்து விடுகிறோம். சென்ற ஆண்டு வரையில் யாமும் அவ்வாறு நகைத்தவர்களே. இன்று எம் இல்லத்தில் காலையும் மாலையும் இரண்டு உயிர்களுக்கு இன்சுலின் ஊசி போடப்படுகிறது. ஒருவர் எம் அன்னையார். மற்றொன்று கிட்டு என்னும் பூனை.

எம் இல்லம் தில்லியில், தமிழர் பலர் குடியிருக்கும் இராமகிருஷ்ணபுரத்தில் உள்ளது. கிட்டுவுக்கு வயது 12. இளமையிலேயே அறுவை செய்து இனப்பெருக்கம் தடுக்கப்பெற்ற ஆண் பூனை. மாடி வீட்டை விட்டுக் கீழே இறங்கி அறியாதது. அதன் எடை 6 கிலோவை எட்டியபோது, நன்றாக வளர்கிறது என்று மகிழ்ந்தோமே தவிர, அது கேட்டுக்கு அறிகுறி என்று எண்ணினோமில்லை. சென்ற ஆண்டு மே மாதத்தில் கிட்டு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு அகலாதிருக்கத் தொடங்கிற்று. தில்லியின் மே மாத வெயிலில் வாடியவர்கள் இதனை ஒரு வியப்பாகக் கொள்ளமாட்டார்கள். கூலரின் இரைச்சலுக்கிடையே யாமே நாளொன்றுக்குக் குடம் குடமாய்க் குடித்துக் கொண்டிருந்தோம். பூனைக்கும் வெயில்தானே என்று விட்டுவிட்டோம். ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, பால்கனியில் அதற்கென வைத்திருந்த மணல் தட்டைச் சுற்றி எறும்புகள் சாரை சாரையாக மொய்த்திருந்தன. அதைக் கண்ட அன்னையார், "இதற்கும் என் வியாதிதான் போலிருக்கிறதடா" என்றார்.

அன்னையார் கூறியது புதிய செய்தியன்று. நம் நாட்டுப் பழைய மருத்துவ நூலோர் இந்நோயை மதுமேகம் என்று அழைத்தனர். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதையும் குறித்து வைத்தனர். எனினும், எறும்பு வந்தமையாலேயே நோய் உண்டென்று முடிவு கட்டலாகாது. வாராமையால் நோய் இல்லை என்று ஆறுதல் கொள்ளவும் ஆகாது. மருத்துவரிடம் செல்ல அது ஒரு காரணம், அவ்வளவே.

யாமும் சென்றோம். முதலிற் சென்ற இடத்தில், பூனைக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி, ஒரு டானிக்கை எழுதிக் கொடுத்து அனுப்பி விட்டனர். இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படவில்லை. வற்புறுத்திக் கேட்க வேண்டும் என்ற அறிவு எமக்கும் அன்று இல்லை. மூன்று வாரங்கள் வீணாயின. அதன்பின் ஒரு நாள் கிட்டு உணவைத் தொடவில்லை. இருமுறை வாந்தி எடுத்தது. கட்டிலின் அடியிற் சென்று படுத்துக் கொண்டு, அழைத்தால் தலையைக் கூட உயர்த்தவில்லை. அன்று எடை பார்த்தபோது 4 கிலோ 200 கிராம் இருந்தது. வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக் கொண்டு ஓடினோம். குருதியில் சர்க்கரை 412 மில்லிகிராம். சிறுநீரில் கீட்டோன் என்னும் நச்சுப் பொருளும் இருந்தது. ஐந்து நாட்கள் நரம்பு வழியே நீரேற்றி, இன்சுலின் கொடுத்து, பொட்டாசியத்தின் அளவைச் சரிப்படுத்தி அதனை மீட்டனர். இத்துன்பம் வேறு எவருக்கும் நேரலாகாது என்னும் எண்ணத்தாலேயே இப்பொருளைப் பற்றிப் பேச முன்வந்தோம்.

நோயின் இயல்பைச் சற்று விளக்குவோம். உண்ட உணவிலிருந்து குருதியிற் சேரும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை, உடலின் உயிரணுக்களுக்குள் புகுந்து பயன்படுவதற்கு இன்சுலினின் துணை வேண்டும். இன்சுலினைச் சுரப்பது கணையம். பூனைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும், மனிதருக்கு நடுவயதிற்குப் பின் வரும் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. உடல் பருத்தலால், சுரக்கும் இன்சுலின் தன் வேலையைச் செவ்வனே செய்ய இயலாமற் போகிறது. அதனை ஈடு செய்யக் கணையம் மேன்மேலும் உழைத்து இறுதியில் ஓய்ந்து விடுகிறது. இன்சுலினைச் சுரக்கும் திசுக்களில் அமிலாய்டு என்னும் பொருள் படிந்து கேட்டை மிகுவிக்கிறது. நாய்களுக்கு வருவதோ பெரும்பாலும் இன்சுலின் அறவே அற்றுப்போகும் வகை. 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவரும் கணையம் நீக்கப்பெற்ற நாய்களைக் கொண்டே இன்சுலினின் ஆற்றலைக் கண்டறிந்தனர். விலங்குகளின் வாயிலாக மனிதர் பெற்ற மருந்து, இன்று விலங்குகளுக்கும் பயன்படுகிறது.

ஏழெட்டு வயதைக் கடந்தவை, பருத்தவை, அறுவை செய்யப்பெற்ற ஆண்கள், வீட்டிற்குள்ளேயே சோம்பிக் கிடப்பவை ஆகிய பூனைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. எம் கிட்டு இந்நான்கிலும் தேர்ச்சி பெற்றது. சொறி, மூச்சிரைப்பு முதலியவற்றிற்காக ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் பெற்ற பூனைகளுக்கும் இந்நோய் தோன்றக்கூடும். ஆதலின், எப்போதாவது அத்தகைய ஊசியோ மாத்திரையோ கொடுக்கப்பட்டிருந்தால் அதனை மருத்துவரிடம் மறவாது சொல்லவேண்டும்.

குருதியில் சர்க்கரை 250 முதல் 300 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகங்களால் அதைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. சர்க்கரை சிறுநீரில் இறங்குகிறது. இறங்கும்போது நீரையும் இழுத்துச் செல்கிறது. எனவே சிறுநீர் மிகுகிறது. அதனால் தாகம் மிகுகிறது. உண்ட உணவு உடலில் ஒட்டாமையால் பசி மிகுந்தும் உடல் மெலிகிறது. சில பூனைகளுக்குப் பின்னங்கால்களின் நரம்புகள் நலிந்து, குதிகால் தரையிற் படும்படி தாழ்ந்து நடக்கும் நிலை உண்டாகிறது. மேசைமேல் தாவிய பூனை நாற்காலியில் ஏறவும் தயங்குமாயின், அது மூப்பு மட்டுமே என்று எண்ணிவிடலாகாது.

இங்கே ஒன்றை வற்புறுத்திக் கூறுவோம். மிகுந்த தாகமும் உடல் மெலிவும் நீரிழிவுக்கே உரியன அல்ல. முதிய பூனைகளுக்குச் சிறுநீரக நோய் மிகவும் பொதுவாக வருவது. அதிலும் இவ்விரண்டும் உண்டு. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி மிகையாகச் சுரக்கும் நோயிலும் பூனை வாரி வாரி உண்டும் எலும்பும் தோலுமாகும். ஒரே பூனைக்கு இரண்டு நோய்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. வீட்டில் இருந்தபடியே இதுதான் நோய் என்று தீர்ப்புக் கூற எவராலும் இயலாது. குருதிச் சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் இன்றியமையாதவை.

குருதிச் சோதனையிலும் பூனைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கூடையில் அடைத்து, ஆட்டோவில் குலுக்கிக் கொண்டு போய், நாய்கள் குரைக்கும் கூடத்தில் காத்திருக்க வைத்து, அயலார் பிடித்து ஊசி குத்தினால், அச்சத்தினாலேயே நோயற்ற பூனையின் குருதியிலும் சர்க்கரை 300 வரையில், சிற்சில வேளைகளில் அதற்கு மேலும் ஏறிவிடும். ஆகவே ஒரே ஒரு சோதனையைக் கொண்டு நோயைத் துணிதல் பொருந்தாது. ஃபிரக்டோசமின் என்னும் சோதனை, முந்தைய ஓரிரு வாரங்களில் சர்க்கரை சராசரியாக எந்நிலையில் இருந்தது என்பதைக் காட்டும். அன்றைய அச்சம் அதனைப் பாதிப்பதில்லை. சிறுநீரில் சர்க்கரையும் கீட்டோனும் உண்டா என்று பார்ப்பது எளியது, செலவும் குறைந்தது. இவற்றைச் செய்யுமாறு பணிவுடன் கேட்பதில் தவறொன்றுமில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு மொழியும் ஓர் இடர்தான். மருத்துவரோடு ஆங்கிலத்தில் பேசிச் சமாளித்தாலும், கூடத்தில் விவரம் கேட்டு எழுதுகின்ற உதவியாளர் அவ்வூர் மொழியில்தான் கேட்பார். வட நாட்டில் பியாஸ் என்றால் தாகம், பேஷாப் என்றால் சிறுநீர், உல்டி என்றால் வாந்தி. இம்மூன்று சொற்களே எமக்குப் பெருந்துணையாயின. பெங்களூரில் இருப்பவர்களுக்கு அத்தொல்லை குறைவு. கன்னடத்திலும் வாந்தி வாந்தியே. ஆனால் சொற்களைக் காட்டிலும் எண்களே நமக்கு நல்ல தூதர்கள். ஒரு தாளில் பூனையின் வயது, ஆறு மாதத்திற்கு முன் இருந்த எடை, இன்றைய எடை, நாளொன்றுக்குக் குடிக்கும் நீரின் அளவு, கடைசியாக உண்ட நேரம், இதுவரை கொடுத்த மருந்துகள் ஆகியவற்றை எழுதிக் கொண்டு போகலாம். எடை பார்ப்பது எளிது. பூனையைத் தூக்கிக் கொண்டு எடைக் கருவியின்மேல் நின்று, பின்னர்த் தனியே நின்று, கழித்துக் கொள்ளவேண்டியதே. 5 கிலோப் பூனை 4 கிலோவாவது, 60 கிலோ மனிதர் 48 கிலோவாவதற்கு ஒப்பாகும். நீரை அளவு குறித்த குவளையால் ஊற்றி, மறுநாள் எஞ்சியதை அளந்தால் குடித்தது தெரியும். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 50 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால் ஐயுறவேண்டும். 100-க்கு மேற்பட்டால் நோய் என்றே கொள்ளலாம்.

நாய், பூனை நோய்களில் பயின்ற மருத்துவர் அருகில் இல்லையாயின், கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகளை நாடலாம். மும்பையில் பரேலிலுள்ள கல்லூரி 1886-இலும், கல்கத்தாவில் பெல்காச்சியாக் கல்லூரி 1893-இலும், பெங்களூர் ஹெப்பாளிலுள்ள கல்லூரி 1958-இலும் தொடங்கப்பெற்றவை. சென்னை வேப்பேரிக் கல்லூரியை (1903) அறிந்த நம்மவர்க்கு இவற்றின் இயல்பு புதிதாக இராது. கூட்டம் மிகுதி, ஆனால் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சோதனைக் கூடங்கள் இருக்கின்றன.

நாளைக்குப் போகலாம் என்று எண்ணுதற்கு இடமில்லாத நிலையும் ஒன்றுண்டு. நீரிழிவு உடையது என்று ஐயுறப்படும் பூனை உணவை வெறுத்து, வாந்தி எடுத்து, சோர்ந்து கிடக்குமாயின், அதன் மூச்சில் அழுகிய பழத்தை ஒத்த வாடை வீசுமாயின், அன்றே, இரவாயினும், மருத்துவமனையை அடையவேண்டும். சர்க்கரையைப் பயன்படுத்த இயலாத உடல் கொழுப்பை உருக்கத் தொடங்கி, அதனால் கீட்டோன் மிகுந்து குருதியே புளித்துப் போகும் நிலை அது. சில நாட்களுக்குள் உயிரைப் போக்கும். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தாலே ஈரலில் கொழுப்பு அடைத்து வேறொரு கேடும் விளையும். பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கும் என்னும் கை வைத்தியம் பூனையிடம் வேண்டா. பாகற்காய்ச் சாறும் வெந்தய நீரும் வேண்டா. வீட்டுப் பெரியவர்களின் நீரிழிவு மாத்திரைகளைப் பகிர்ந்தளிப்பதும் கூடாது. காய்ச்சலோ வலியோ என்று எண்ணிப் பாரசிட்டமால் கொடுத்தல் கொலைக்கு ஒப்பாகும். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்ல வல்லது.

இனி மருத்துவம். பெரும்பாலான பூனைகளுக்கு இன்சுலினே மருந்து. 12 மணி நேரத்திற்கு ஒருமுறை, உணவு உண்டபின், விலாப்புறத்தில் தளர்ந்த தோலைக் கூடாரம் போல் தூக்கி, அதனடியில் ஊசியைச் செலுத்துவது. கேட்கும்போது அச்சமூட்டும் இச்செயல் ஒரு வாரத்திற்குள் பழகி விடுகிறது. ஊசி மிக மெல்லியதாகையால், கிட்டு தட்டிலிருந்து தலையைத் திருப்புவதே இல்லை. கிளார்ஜின் என்னும் நெடுநேர இன்சுலினைப் பல மருத்துவர்கள் பூனைகளுக்குத் தேர்ந்தெடுக்கின்றனர். தொடக்கத்தில் அளவு ஒரு யூனிட் போல மிகச் சிறியதாக இருக்கும். மருத்துவர் பையப்பைய மாற்றுவார். நாமாக உயர்த்தலாகாது.

அளவு சிறிதாக இருப்பதாலேயே ஓர் ஆபத்து நேர்கிறது. நம் நாட்டுக் கடைகளில் இன்சுலின் இருவேறு செறிவுகளில் விற்கப்படுகிறது. ஒன்றில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்குரிய ஊசிக் குழலின் மூடி சிவப்பு. மற்றொன்றில் 100 யூனிட். அதற்குரிய மூடி செம்மஞ்சள். அன்னையார் பயன்படுத்துவது முதல் வகை. கிட்டுவின் கிளார்ஜின் இரண்டாம் வகை. ஒரு மாலை கிட்டுவின் ஊசிகள் தீர்ந்து போயிருந்தன. அன்னையாரின் பெட்டியிலிருந்து சிவப்பு மூடி ஊசியொன்றை எடுத்து, ஒரு யூனிட் கோடு வரையில் மருந்தை இழுத்தும் விட்டோம். அன்னையார் கையைப் பிடித்துத் தடுத்தார். "மூடி நிறத்தைப் பார்க்காமல் என்னடா அவசரம்?" என்றார். 40-க்குரிய குழலில் ஒரு யூனிட் கோடு வரை 100-க்குரிய மருந்தை நிரப்பினால் உள்ளே போவது ஒன்றன்று, இரண்டரை யூனிட். நான்கு கிலோப் பூனைக்கு அது உயிருக்கு உலை வைக்கக்கூடிய அளவு. அன்றிரவு செம்மஞ்சள் மூடி ஊசி தேடி மூன்று கடைகள் ஏறி இறங்கினோம்.

இன்சுலின் மிகையானால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும். பூனை தள்ளாடும், வெறித்துப் பார்க்கும், வலிப்பும் காணலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுக்கவேண்டும். இல்லையேல் தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலால் ஈறுகளில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் விரையவேண்டும். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக் குழலில் இறங்கிவிடும். ஊசி போட்டோமா இல்லையா என்னும் ஐயம் எழுந்தால், மீண்டும் போடாதிருப்பதே பாதுகாப்பு. ஒரு வேளை தவறுவதால் பெருந்தீங்கு இல்லை. இருமுறை போடுவதால் உண்டு. பூனை உணவு கொள்ளாத வேளையிலும் முழு அளவைப் போடாமல் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டல் நன்று.

மருந்தைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும், உறையவிடலாகாது. கோடைக்காலத்தில் மின்சாரம் நெடுநேரம் போய்விட்டால், நீர் நிறைந்த மண்பானைக்குள் ஒரு சிறு பாத்திரத்தில் மருந்தை மிதக்க விட்டுப் பானையை நிழலில் வைக்கலாம். நம் பாட்டிமார் பானை தில்லியிலும் கைவிடவில்லை.

உணவைப் பற்றிச் சொல்லும்போது நம்மவர் மனம் சற்று வருந்தக்கூடும். தயிர்ச்சோறு தின்று வளர்ந்த பூனைகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஆயினும் பூனை இயற்கையில் ஊனுண்ணி. இனிப்பை உணர்த்தும் நாக்கின் உறுப்புக்குரிய மரபணு பூனைகளில் செயலற்றுக் கிடக்கிறது என்பதை 2005-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர்; சர்க்கரையின் சுவையையே அறியாத உயிர்க்குச் சர்க்கரை நோய்! டாரின் என்னும் சத்து ஊனில் மட்டுமே போதுமான அளவில் உள்ளது. அது குறைந்தால் பூனையின் பார்வையும் இதயமும் கெடும். எனவே நோயுற்ற பூனைக்குச் சோற்றையும் பாலையும் குறைத்து, மீன், கோழி முதலிய ஊனுணவையோ, அதற்கெனத் தயாரித்த ஈர உணவையோ தருதல் வேண்டும். வெங்காயம், பூண்டு கலந்த குழம்பு ஆகாது. இரண்டும் பூனையின் குருதியணுக்களை அழிப்பவை. சைவ இல்லமாகிய எம் வீட்டில், பால்கனியில் தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் வைத்துக் கொண்டோம். அன்னையார் அப்பக்கம் வருவதில்லை. ஆனால் மீன் வந்ததா என்று நாள்தோறும் கேட்கத் தவறுவதுமில்லை. உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பது முக்கியம். மாவுச்சத்துக் குறைந்தவுடன் சர்க்கரையும் குறையும். இன்சுலின் அளவையும் அதற்கேற்பக் குறைக்க நேரிடும்.

ஊசியின்றி வாய்வழிக் கொடுக்கும் புது மருந்துகள் இரண்டை அமெரிக்க அரசு 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஏற்றுக் கொண்டது. கீட்டோன் கண்ட பூனைக்கும் முன்பே இன்சுலின் பெற்ற பூனைக்கும் அவை பொருந்தா.

ஒரு நற்செய்தியும் உண்டு. நோயைத் தொடக்கத்திலேயே கண்டு, உணவும் இன்சுலினும் முறையாகக் கொடுத்தால், சில மாதங்களில் இன்சுலினே வேண்டாத நிலையைப் பல பூனைகள் அடைகின்றன. நாய்களுக்கு இப்பேறு அரிது. நோய் மீண்டும் வரலாம். ஆதலின் எடையும் நீரும் பார்ப்பதை நிறுத்தலாகாது. கிட்டுவுக்கு அந்நிலை இன்னும் வாய்க்கவில்லை. மூன்று வாரம் தாமதித்தது அதற்குக் காரணமோ என்ற எண்ணம் எம்மை விட்டு நீங்குவதாயில்லை.

எல்லாக் குடும்பங்களாலும் இதனைச் செய்ய இயலும் என்று யாம் கூறவில்லை. செலவுண்டு, இருவேளையும் வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும், சிறுநீரகமும் கெட்டுவிட்ட முதிய உடல் மருந்துக்கு இணங்காமற் போவதும் உண்டு. அந்நிலையில் வலியின்றி உயிரை முடிக்கும் ஊசியைப் பற்றி மருத்துவரே பேசக்கூடும். அதனைக் கேட்டு ஒப்புவோரைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. மருந்தும் தராது, முடிவும் செய்யாது, மூலையிற் கிடந்து வாட விடுவது ஒன்றே எமக்கு ஒவ்வாதது.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போகவேண்டியிருந்தது. ஊசி போடுவோர் யார் என்னும் கேள்வி எழுந்தது. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் தாமே முன்வந்து, பத்து நாட்கள் எம்முடன் நின்று பழகிக் கொண்டார். கிட்டுவின் குறிப்பேட்டில் காலையும் மாலையும் நேரம், தின்ற அளவு, ஊசியின் அளவு என்று எழுதி வைத்திருந்தார். அவருடைய இந்தி எழுத்தை யாம் இன்றும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறோம். எண்களை மட்டும் தடையின்றிப் படித்தோம்: ஒருவேளையும் தவறவில்லை, எடை 4 கிலோ 600 கிராம்.